எலக்ட்ரானிக் இக்னிஷன் மாற்றிய பின் அம்பாசடர் மார்க் 3: மிதமான வேகத்தில் மட்டும் மிஸ்ஸிங்

கேள்வி: சேலம்_மார்க்3

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1977ஆம் ஆண்டு பதிவான அம்பாசடர் மார்க் 3 இருக்கிறது. அப்பா வாங்கிய கார். பலரும் டீசலுக்கு மாறிய காலத்திலும் அவர் மாற்றாமல் வைத்திருந்த அதே 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின்தான் இன்றும் ஓடுகிறது. காயிலின் மின்சாரத்தைத் துண்டித்து ஸ்பார்க்கை உண்டாக்கும் சி.பி. பாயிண்ட் அடிக்கடி கருகியதாலும், பாயிண்டில் பொறி பறக்காமல் தடுக்க வாங்கும் புதுக் கண்டன்சர்கள் சூடேறியதும் கைவிட்டதாலும், சென்ற மாதம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் பாகம்) இருந்த இரண்டையும் கழற்றிவிட்டு, பாயிண்டின் வேலையைச் செய்யும், காந்த வளையத்துடன் வரும் எலக்ட்ரானிக் மாட்யூல் ஒன்றைப் பொருத்தினேன். சிவப்பு ஒயரை, ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டைத் தரும் காயிலின் பிளஸ் முனையிலும் கறுப்பு ஒயரை மைனஸ் முனையிலும் கொடுத்திருக்கிறேன்.

இப்போது சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. ஐடிலிங் சீராக இருக்கிறது. ஏற்காடு மலைப்பாதையில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து ஏறும்போதும் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஆத்தூர் சாலையில், சமதளத்தில், 50 அல்லது 60 கிலோமீட்டர் வேகத்தில் காலை லேசாக வைத்துக்கொண்டு போகும்போது மட்டும் இன்ஜின் விட்டுவிட்டு இழுக்கிறது. காரைப் பின்னாலிருந்து யாரோ பிடித்துப் பிடித்து விடுவது போல இருக்கிறது. சற்று அழுத்தி மிதித்தால் உடனே சரியாகிவிடுகிறது. மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் புதிதாக மாற்றினோம், பலன் இல்லை. மாட்யூலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி பாயிண்டையே மாட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் ஆலோசனை தேவை.

பதில் 1: கோவை_காயில்

அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். மாட்யூல் வைத்த பல கார்களில் நான் பார்த்தவரை, குறை மாட்யூலைச் சுற்றியுள்ளவற்றில்தான் இருக்கிறது. முதலில் காயிலைப் பாருங்கள். இரண்டு ஒயர்களையும் கழற்றிவிட்டு, பிளஸ் முனைக்கும் மைனஸ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் அளவு எடுங்கள். இத்தகைய மாட்யூலுக்கு நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஏறத்தாழ 3 ஓம் காயில் வேண்டும். உங்களிடம் இருப்பது பேலஸ்ட் ரெசிஸ்டருடன் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் தடை) வேலை செய்வதற்கென்று வந்த 1.5 ஓம் காயிலாக இருந்து, அந்த ரெசிஸ்டர் இல்லாமல் நேராக 12 வோல்ட் கொடுத்திருந்தால், காயிலும் சூடேறும், மாட்யூலும் நாளடைவில் போய்விடும்.

அடுத்தது பிளக் ஒயர். உள்ளே வெறும் செப்புக் கம்பி உள்ள பழைய ஒயர்களாக இருந்தால் மாற்றிவிடுங்கள். அவை கிளப்பும் மின்காந்த இரைச்சல் ரேடியோவில் கரகரப்பாகக் கேட்பதோடு மாட்யூலையும் குழப்பும். கார்பன் உள்ளீடு உள்ள ஒயர்களே இதற்குப் பொருத்தம்.

மூன்றாவதாக, இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் பிளஸ் முனைக்கும் காயிலின் பிளஸ் முனைக்கும் இடையே வோல்ட் அளவு எடுத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், இக்னிஷன் சுவிட்சிலோ ஃபியூஸ் பெட்டியிலோ அழுக்கேறிய இணைப்பு இருக்கிறது என்று பொருள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலான ஒயரிங்கில் இது மிகச் சாதாரணம். இன்ஜின் ஓடாதபோது இக்னிஷனை ஆன் செய்து வைத்துவிட்டுப் பாட்டு கேட்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். சில மாட்யூல்கள் அதிலேயே கருகிப் போகின்றன.

பதில் 2: மதுரை_ஆட்டோ_எலக்ட்ரீஷியன்

தம்பி, மேலே நண்பர் சொன்னவை அனைத்தும் சரியானவை, அவற்றைச் செய்யுங்கள். ஆனால் நீங்கள் விவரித்த அறிகுறியை ஊன்றிப் பாருங்கள். காயில் பலவீனமாக இருந்தால் மலையேறும்போதுதான் முதலில் மிஸ் ஆக வேண்டும், ஏனென்றால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போதுதான் ஸ்பார்க் தாவுவதற்கு அதிக வோல்ட் தேவைப்படுகிறது. உங்கள் காரோ மலையில் நன்றாக ஏறுகிறது, ஐடிலிலும் நன்றாக நிற்கிறது, இரண்டுக்கும் நடுவில் மட்டும் தடுமாறுகிறது. இக்னிஷனில் அந்த நடுவில் மட்டும் வேலை செய்யும் பாகம் ஒன்றே ஒன்றுதான், அது வேக்குவம் அட்வான்ஸ், அதாவது இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு ஸ்பார்க்கைச் சற்று முன்கூட்டியே வரவைக்கும் அமைப்பு.

ஐடிலில் கார்புரேட்டரின் த்ராட்டில் தகடு மூடியிருப்பதால், வேக்குவம் குழாயின் துளைக்கு உறிஞ்சல் கிடைப்பதில்லை. முழுவதும் மிதிக்கும்போது தகடு அகலத் திறந்துகொள்வதால் அப்போதும் உறிஞ்சல் இல்லை. லேசாக மிதித்துப் போகும்போதுதான் உறிஞ்சல் பலமாக இருந்து, அந்த அமைப்பிலுள்ள டயாஃபிரம் என்ற சவ்வு இழுத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் தகடு சில டிகிரி திரும்புகிறது. உங்கள் மாட்யூல் உட்கார்ந்திருப்பது அந்தத் தகட்டின் மேல்தான். தகடு திரும்பும்போது ஏதோ ஓர் ஒயர் இழுபடுகிறது அல்லது அறுபடுகிறது என்பதே என் கணிப்பு.

செலவில்லாமல் சோதிக்கலாம். வேக்குவம் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத்து முனையை அடைத்துவிட்டு, அதே ஆத்தூர் சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். மிஸ்ஸிங் நின்றுவிட்டால் கார்புரேட்டரின் பக்கமே போக வேண்டாம். நிற்கவில்லை என்றால் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைக் கால் அங்குலம் மட்டும் இழுத்து ஓட்டுங்கள். அதில் சரியானால் பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். குழாயைக் கழற்றியதில் குறை நின்றது என்பதற்காக அப்படியே விட்டுவிடாதீர்கள். வேக்குவம் அட்வான்ஸ் இல்லாமல் ஓடினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

பதில் 3: யாழ்_மொரிஸ்

இந்த இழையைப் பின்னர் வாசிப்பவர்களுக்காக ஒரு விடயம். என்னிடம் இருப்பது 1961 மொரிஸ் மைனர், பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பற்றரியின் பிளஸ் முனை வண்டியின் உடலுடன் இணைந்தது. அதைக் கவனியாமல் நெகட்டிவ் எர்த் வண்டிக்குரிய மாட்யூலை வாங்கிப் பூட்டியதில், அது முதல் நாளே பழுதாகிவிட்டது. பற்றரியின் எந்த முனை வண்டியின் பொடியுடன் (உடலுடன்) இணைக்கப்பட்டுள்ளது என்று பார்த்த பின்னரே மாட்யூல் வாங்குங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரையும் சோதிக்க மறக்க வேண்டாம். இப்போது வருகின்ற சிலவற்றில் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெற் வழியாக மின் கசிந்து கீழேயுள்ள தண்டுக்குப் போய்விடுகிறது. மூடியைக் கழற்றி, கொயிலிலிருந்து வரும் நடு வயரைக் காப்பிடப்பட்ட குறட்டினால் பிடித்து, ரோட்டரின் பித்தளையிலிருந்து சில மில்லிமீற்றர் தள்ளி வைத்தபடி ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அங்கே பொறி தாவினால் ரோட்டர் கெட்டுவிட்டது. அருகில் பெற்றோல் கசிவு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வியாளர்: சேலம்_மார்க்3

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. காயில் 3.1 ஓம், வோல்ட் இழப்பு 0.3, ரோட்டரில் கசிவு இல்லை. மதுரை ஐயா சொன்னபடி குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஆத்தூர் வரை ஓட்டினேன். போகும் வழி முழுவதும் ஒருமுறைகூட மிஸ் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். தகடு திரும்பியது, ஆகவே டயாஃபிரம் நன்றாக இருக்கிறது. மாட்யூலின் இரண்டு ஒயர்களும் தளர்வாகவே இருந்தன. பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை அந்தத் தகட்டிலும் மறு முனையை டிஸ்ட்ரிபியூட்டரின் உடலிலும் வைத்து மறுபடியும் உறிஞ்சினேன். 0.2 ஓம் காட்டிய மீட்டர் 40, 60, மறுபடி 0.2 என்று தாவியது. மாட்யூல் உட்கார்ந்திருக்கும் அந்தத் திரும்பும் தகட்டிலிருந்து கீழே அசையாத தகட்டுக்குப் போகும் விரலளவு எர்த் ஒயர்தான் காரணம். அதன் துணி உறை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பிளேடால் மெல்லக் கீறிப் பார்த்தபோது, உள்ளே பின்னலாக இருந்த செப்பு இழைகள் கறுத்து, மூன்றோ நான்கோ மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. பாயிண்ட் இருந்த காலத்திலும் அதே வேகத்தில் லேசான தயக்கம் இருந்தது இப்போது நினைவுக்கு வருகிறது. அதை அப்பாவும் நானும் பாயிண்டின் குறை என்றே எண்ணிக்கொண்டிருந்தோம்.

பல இழைகள் கொண்ட மெல்லிய சிலிகான் ஒயரைச் சற்றுத் தளர்வாக விட்டுச் சால்டர் செய்துவிட்டேன். மாட்யூல் ஸ்பார்க்கைத் தூண்டும் இடம் பாயிண்டின் இடத்திலிருந்து மாறுபடும் என்பதால், ஸ்ட்ரோப் விளக்கு வைத்து டைமிங்கையும் (ஸ்பார்க் வரும் நேரம்) புதிதாகச் சரிசெய்தேன். இதற்கு முன் அதைச் செய்யாமல் விட்டது என் தவறு. பிளக் இடைவெளியை 0.025 அங்குலத்திலிருந்து 0.030 ஆக்கியிருக்கிறேன். குழாயை மாட்டிவிட்டு இரண்டு நாட்கள் ஓட்டியாயிற்று, மிஸ்ஸிங் இல்லை.

பதில் 4: மதுரை_ஆட்டோ_எலக்ட்ரீஷியன்

மகிழ்ச்சி தம்பி. கழற்றிய பாயிண்டையும் வேலை செய்யும் கண்டன்சர் ஒன்றையும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜோடு சேர்த்து டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் மாட்யூல் பழுதானால் சாலையோரத்தில் அதைச் சரிசெய்ய முடியாது, ஆனால் 0.015 அங்குல இடைவெளியில் பாயிண்டை மாட்டிக்கொண்டு வீடு வந்துவிடலாம். பாயிண்ட் இல்லையே என்று டிஸ்ட்ரிபியூட்டருக்கு எண்ணெய் விடுவதையும் நிறுத்திவிடாதீர்கள். ரோட்டரைக் கழற்றினால் தெரியும் தண்டின் நடுவில் இரண்டு சொட்டும், தகடு திரும்பும் இடத்தில் ஒரு சொட்டும் போதும். அது இறுகினால் புதிதாக வைத்த ஒயரும் மறுபடி இழுபடும்.