நடுவில் முளை வைத்த ஸ்டார் போல்ட்: எந்த பிட் பொருந்தியது? உங்கள் அனுபவங்கள்

பெருந்துறை ரைடர்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் வண்டியில் சாவி பாதி திரும்பி நின்றுவிடும். இக்னிஷன் லாக்கைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று ஹேண்டில்பாருக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். லாக்கைப் பிடித்திருக்கும் போல்ட் இரண்டிலும் ஆறு இதழ் வைத்த குழி, குழியின் நடுவில் சின்னதாக ஒரு இரும்பு முளை. அலன் கீயும் நுழையவில்லை, கையில் இருந்த டார்க்ஸ் பிட்டும் (ஆறு இதழ் ஸ்டார் வடிவ முனை) நுழையவில்லை. ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் உளி வைத்துத் தட்டினால் வந்துவிடும் என்றார்கள். தலை சிதைந்துவிட்டால் அப்புறம் எந்த டூலும் பிடிக்காது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

போனில் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். ஸ்டார் வேண்டும் என்றதும் பிளஸ் டிரைவரை எடுத்து வைத்தார்கள். போட்டோவைக் காட்டியதும் கடைக்கார அண்ணன், "இது செக்யூரிட்டி டார்க்ஸுங்க தம்பி, நடுவுல ஓட்டை போட்ட பிட்டு வேணும், ஈரோட்டுல கேட்டுப் பாருங்க" என்றார். ஈரோட்டில் கிடைத்தது. என் வண்டிக்கு டி40 என்ற சைஸ் சரியாக உட்கார்ந்தது, போல்ட் இரண்டும் ஒரு கீறல் இல்லாமல் வந்தன. லாக்குக்குள் பழைய கிரீஸும் மண்ணும் கட்டிப் போயிருந்தன, அதுதான் கோளாறு.

இந்த மாதிரி போல்ட்டை நீங்கள் எங்கே பார்த்தீர்கள், சைஸை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எப்படிக் கழற்றினீர்கள் என்று எழுதுங்கள். தேடி வருகிறவர்களுக்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கட்டும்.

குறிச்சி டூல்ரூம்

உளிக்கு வேண்டாம் என்று சொன்னது ரொம்பச் சரிங்க. சிட்கோ தொழிற்பேட்டையில் எங்கள் யூனிட்டுக்கு உடைந்த போல்ட்டோடு வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல், தப்பான டூலை வைத்துத் திருகியதால் வந்தவைதான்.

முதல் வேலை குழியைச் சுத்தம் செய்வது. ஹேண்டில்பார் பக்கம் மழைத்தண்ணீரும் செம்மண்ணும் சேர்ந்து குழி அடைத்துக்கொள்ளும். முளை இருப்பதே தெரியாது. ஊசியால் கிளறி, பழைய டூத் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்த பிறகு இதழ்களை எண்ணுங்கள். ஆறு என்றால் செக்யூரிட்டி டார்க்ஸ். ஐந்து இதழும் முளையும் இருந்தால் அது வேறு ஜாதி, டார்க்ஸ் பிளஸ் என்பதன் பூட்டு வகை. அதற்கு ஆறு இதழ் பிட் எந்த சைஸிலும் சேராது. நேரான ஆறு பக்கமும் நடுவில் முளையும் இருந்தால் செக்யூரிட்டி அலன். சின்ன தலைகளில் இந்த மூன்றையும் வெறுங்கண்ணால் பார்த்துக் குழப்பிக்கொள்வது சகஜம். போனில் ஜூம் செய்து பார்ப்பது நல்ல வழி.

அடுத்தது சைஸ். ஒரு இதழ் முனையிலிருந்து எதிர் இதழ் முனைக்கு வெர்னியர் (நுண்ணிய அளவுகோல்) வைத்து அளக்க வேண்டும். டி20 ஏறத்தாழ 3.9 மி.மீ, டி25 4.5, டி27 5, டி30 5.6, டி40 6.7, டி45 7.9. பாருங்கள், டி25, டி27, டி30 மூன்றுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் சுமார்தான் வித்தியாசம். டி30 குழியில் டி27 பிட் சுகமாக இறங்கும், திருகவும் திருகும், கொஞ்சம் பலம் கொடுத்தால் இதழைச் சீவிவிட்டுச் சுற்றும். அதனால் பெரிய சைஸிலிருந்து இறங்கி வாருங்கள். தட்டாமல் கையால் அழுத்தி இறங்குகிற முதல் பிட்தான் சரியான பிட். இறங்கிய பிறகு இடம் வலம் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது.

வெர்னியர் இல்லை என்றால் மரையின் அளவு ஓரளவு துப்புக் கொடுக்கும். எம்4 (மரை விட்டம் 4 மி.மீ) போல்ட்டுக்கு டி20, எம்5க்கு டி25, எம்6க்கு டி30 என்பதுதான் பெரும்பாலும் வழக்கம். எம்8க்கு தலையின் வடிவத்தைப் பொறுத்து டி40 அல்லது டி45 வரும்.

ஓட்டை போட்ட பிட் முளை இல்லாத சாதா டார்க்ஸுக்கும் பொருந்தும். எனவே ஒரு செட்தான் வாங்க முடியும் என்றால் ஓட்டை வைத்த செட்டையே வாங்குங்கள். ஆனால் டி10, டி15 மாதிரி சின்ன பிட்டில் ஓட்டை போன பிறகு சுவர் மெலிந்துவிடும், சீக்கிரம் உடையும். பிட்டில் எஸ்2 (உறுதியான டூல் ஸ்டீல் வகை) என்று அடித்திருக்கிறதா பாருங்கள். விலை குறைந்த செட்டில் பிட் முறுக்கிக்கொண்டு போய்விடும், அது போகும்போது போல்ட் தலையையும் கெடுத்துவிட்டுத்தான் போகும்.

டார்க்ஸ் 1967ல் அமெரிக்காவில் கேம்கார் டெக்ஸ்ட்ரான் கொண்டுவந்தது. பிளஸ் தலையில் குழியின் சுவர் சரிவாக இருப்பதால் பலம் கொடுக்கக் கொடுக்க டிரைவர் மேலே ஏறும். டார்க்ஸில் சுவர் நேராக நிற்பதால் ஏறாது. இவ்வளவு நல்ல தலையை வைத்துக்கொண்டும் அது சிதைகிறது என்றால், பிட் தப்பு அல்லது குழியில் அழுக்கு, வேறு காரணம் எனக்குத் தெரிந்து அபூர்வம்.

கோபி மெக்கானிக்

குறிச்சி அண்ணன் கழற்றுவதைச் சொன்னார். கழற்றக் கூடாத இடத்தையும் நான் சொல்லியாக வேண்டும்.

2020 ஏப்ரலில் பி.எஸ் 6 புகை விதி வந்த பிறகு எங்கள் பட்டறைக்கு வருகிற புது வண்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே எஃப்.ஐ (கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூல் இன்ஜெக்டர்). அதில் சில வண்டிகளில் த்ராட்டில் பாடியின் (என்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) பக்கவாட்டில் த்ராட்டில் பொசிஷன் சென்சாரை முளை வைத்த டார்க்ஸ் ஸ்க்ரூவால் பிடித்திருப்பார்கள். திருட்டுக்குப் பயந்து வைத்தது இல்லை அது. அந்த சென்சார் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை கம்பெனியில் செட் செய்து பூட்டி அனுப்புகிறார்கள். த்ராட்டில் மூடியிருக்கும்போது வர வேண்டிய வோல்டேஜ் கொஞ்சம் மாறினாலும் ஈ.சி.யு.வுக்கு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தப்பான தகவல் போகும், ஐடிலிங் ஏறி இறங்கும்.

சத்தியிலிருந்து ஒரு தம்பி வண்டியைக் கொண்டுவந்தார். திம்பம் மலையில் ஏறும்போது வளைவுக்கு வளைவு வண்டி அணைந்து அணைந்து போகிறது என்றார். 27 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் பின்னால் லாரி வரும்போது அப்படி அணைந்தால் என்ன ஆகும்? பார்த்தால் அந்த சென்சார் ஸ்க்ரூவில் புதுக் கீறல். வேறொரு இடத்தில் த்ராட்டில் பாடி கிளீனிங் செய்தபோது தளர்த்தியிருக்கிறார்கள். கிளீனிங்குக்கு அதைத் தொடவே வேண்டியதில்லை. சர்வீஸ் மேனுவலில் உள்ள வோல்டேஜை மல்டிமீட்டரில் பார்த்துத் திரும்ப வைத்த பிறகு சரியானது.

சென்சாரே போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கழற்றும் முன் சென்சாருக்கும் பாடிக்கும் சேர்த்து ஊசியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

தாராபுரம் ஆர்எக்ஸ்

என்னுடையது முளை வைத்தது இல்லை, ஆனால் டூல் தப்பானதால் வரும் சேதம் அதேதான். அப்பா காலத்து ஆர்எக்ஸ் 100ல் என்ஜின் சைடு கவர் ஸ்க்ரூ எல்லாம் பிளஸ் மாதிரி தெரியும். அவை ஜப்பான் அளவு, ஜே.ஐ.எஸ். சாதா பிலிப்ஸ் டிரைவர் வைத்தால் பாதியில் வழுக்கி ஏறிவிடும். பல ஸ்க்ரூ தலையில் ஓரமாக ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதைப் பார்த்தால் ஜே.ஐ.எஸ் டிரைவரை எடுங்கள். இறுகிப் போனதற்கு இம்பேக்ட் டிரைவர், சுத்தியலால் ஒரு அடி, வந்துவிடும்.

சங்ககிரி எலக்ட்ரீஷியன்

லாரி வேலைதான் என் தொழில், ஆனால் தெரிந்தவர்கள் பைக் லாக்கையும் கொண்டுவருவார்கள். சில வண்டிகளில் இக்னிஷன் லாக் போல்ட்டின் தலை மொழுக்கென்று இருக்கும், குழி, வெட்டு எதுவுமே இருக்காது. பிட் தேடி அலையாதீர்கள், கிடைக்காது. அது ஷியர் போல்ட். பூட்டும்போது அறுகோணத் தலை இருக்கும், இறுக்கிய பிறகு அந்தத் தலை முறிந்து தனியாக வந்துவிடுகிற மாதிரி செய்திருப்பார்கள்.

நான் செய்வது: ஓரத்தில் சென்டர் பஞ்ச் வைத்து இடப்பக்கம் சுற்றுகிற திசையில் மெல்ல மெல்லத் தட்டுவேன். பெரும்பாலும் நகரும். நகரவில்லை என்றால் நடுவில் பஞ்ச் போட்டு இடது சுற்று டிரில். டிரில் பிடிக்கும்போதே போல்ட் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும். புது லாக் போடும்போது திரும்ப ஷியர் போல்ட்டே போடுகிறேன். சாதா போல்ட் போட்டால் அடுத்த முறை சுலபம்தான், ஆனால் திருடனுக்கும் அதே சுலபம்.

ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்காமல் யார் வண்டி லாக்கையும் நான் தொடுவதில்லை. எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும் சரி. பட்டறை வைத்திருக்கும் எல்லாருக்கும் இதைச் சொல்கிறேன்.

பொள்ளாச்சி ரோடு

வால்பாறைக்கு நண்பர்களோடு போனபோது நடந்தது. ஆழியாறு தாண்டி மேலே ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவு. கூட வந்த பங்காளி ஒருவர் வண்டியில் ஃபாக் லைட் பிராக்கெட் தளர்ந்து ஆட ஆரம்பித்தது. திருடு போகக் கூடாது என்று செக்யூரிட்டி டார்க்ஸ் போல்ட் போட்டிருந்தார், பிட் வீட்டில் இருந்தது. வழியில் கேட்ட இடத்தில் எல்லாம் யாரிடமும் இல்லை. கேபிள் டை போட்டுக் கட்டிக்கொண்டுதான் மேலே போனோம். வண்டியில் இந்த போல்ட் போட்டிருப்பவர்கள் அதற்கான ஒரே ஒரு பிட்டையும் சின்ன ஹேண்டிலையும் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அவர் போட்டிருந்தது ஸ்டெயின்லெஸ் போல்ட். அலுமினிய பிராக்கெட்டில் ஸ்டெயின்லெஸ் போட்டு ஒரு மழைக்காலம் போனால் வெள்ளையாகப் பூத்துப் பிடித்துக்கொள்கிறது. மரையில் ஆன்டி சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவிப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

திருப்பூர் பனியன் கம்பெனி

பிட் கிடைக்காத நிலையில் முளையை உடைத்துவிட்டு சாதா டார்க்ஸ் பிட் போடலாமா? கம்பெனி மெயின்டனன்ஸில் ஒருவர் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன்.

குறிச்சி டூல்ரூம்

உடைக்கலாமுங்க. மெல்லிய பஞ்ச்சை முளையின் பக்கவாட்டில் வைத்து ஒரு தட்டு, பெரும்பாலும் முறிந்துவிடும். அடிக்கட்டை கொஞ்சம் மீந்து நின்றால் பிட் முழு ஆழத்துக்கு இறங்காது, மேல் விளிம்பில் மட்டும் பிடிக்கும். அந்த நிலையில் பலம் கொடுத்தால் இதழ் போய்விடும். இடம் நெருக்கமாக இருந்தாலோ பக்கத்தில் சென்சார் இருந்தாலோ அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

கம்பெனி போல்ட் பலவற்றில் மரையில் லாக்டைட் (போல்ட் தளராமல் இருக்கப் போடும் பசை) இருக்கும். நீல வகை கை பலத்துக்கே விட்டுவிடும். சிவப்பு வகைக்கு ஏறத்தாழ 250 டிகிரி வரை சூடு வேண்டும். லாக் பக்கம் வயரும் பிளாஸ்டிக்கும் இருப்பதால் பெரிய நெருப்பைக் காட்டாமல், சோல்டரிங் அயர்ன் முனையை போல்ட் தலையில் வைத்துப் பொறுமையாகச் சூடேற்றுங்கள். சூடு ஆறும் முன்பே திருகுங்கள். முளை உடைத்த போல்ட்டைத் திரும்பப் போடாமல் அதே நீளம், அதே கிரேடில் புதிதாக வாங்கிப் போடுங்கள். எம்6 என்றால் மேனுவலில் வேறு அளவு சொல்லாதவரை 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்க வேண்டாம்.