‘தாத்தா வீடு’ குழு: கயலுக்கு மைசூர் சீட்

கயல் (காலை 7:12): எல்லோருக்கும் வணக்கம். மைசூரில் எம்.எஸ்சி. சீட் கிடைத்துவிட்டது. ஸ்பீச் லாங்வேஜ் பாதாலஜி, அதாவது பேச்சு, மொழிக் கோளாறுகளைச் சரிசெய்யும் படிப்பு, 2 வருடம். வெள்ளிக்கிழமை அங்கே இருக்க வேண்டும். அப்பாவுக்கு லீவு இல்லை. யாராவது கூட வர முடியுமா?

சுந்தரி அத்தை: வாழ்த்துகள்டா தங்கம் 🎉

ரேவதி சித்தி: 👏👏

பெரியப்பா: 4 வருடம் படித்தாயே. மறுபடியும் அதேவா?

கயல்: அதே இல்லை பெரியப்பா. நான் முடித்த பட்டப்படிப்பான பி.ஏ.எஸ்.எல்.பி.யில் பேச்சும் காதும் சேர்ந்தே இருந்தது. 3 வருடம் வகுப்பு, 1 வருடம் இன்டர்ன்ஷிப். எம்.எஸ்சி.யில் காது கேட்பது பற்றிய ஆடியாலஜி தனி, பேச்சு தனி. நான் பேச்சு எடுத்திருக்கிறேன். பக்கவாதம் வந்தவர்கள், திக்கிப் பேசுபவர்கள், அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளைகள், கத்திக் கத்திக் குரல் கட்டிப்போன ஆசிரியர்கள் என்று எல்லோரையும் மேற்பார்வையில் நாமே பார்த்துப் பழக வேண்டும். ஆய்வும் எழுத வேண்டும்.

பெரியப்பா: முடித்தால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா

கயல்: முடியாது பெரியப்பா. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் வாங்கித் தொழில் செய்யலாம். 1992 சட்டப்படி அது கட்டாயம்.

பெரியப்பா: அப்போதே இன்ஜினியரிங் எடு என்றேன்

சுந்தரி அத்தை: அண்ணா ஆரம்பிக்காதே. உன் பையன் எடுத்தானே

பெரியப்பா: அவன் பேச்சு இங்கே எதற்கு

ரேவதி சித்தி: கும்பகோணத்தில் சாயங்காலம் ஏறினால் காலையில் மைசூர்

சுந்தரி அத்தை: அப்படியே சாமுண்டி கோயிலும் பார்த்துவிடலாம். பாட்டி கேட்கிறாள், நீ போய்விட்டால் தாத்தாவை யார் பேச வைப்பது?

கயல்: அதைத்தான் சொல்ல நினைத்தேன், கொஞ்சம் நீளம், எல்லோரும் படியுங்கள். தாத்தா கண்ணாடி கேட்கும்போது வாயில் ‘சாவி’ என்று வருகிறது. நாம் சாவியை நீட்டுகிறோம். சொன்னது தப்பு என்று அவருக்கே தெரிகிறது, அதனால்தான் கோபம். புத்தி மழுங்கவில்லை. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டதால் சொல்லைத் தேடி எடுக்க முடியவில்லை. இதற்கு அஃபேசியா என்று பெயர். போன ஞாயிறு நான் ‘ஒன்று’ என்று எடுத்துக் கொடுத்தேன், கடகடவென்று பத்துவரை சொன்னார். மூன்று விரலைக் காட்டி எத்தனை என்றேன், வரவில்லை. பழக்கத்தில் ஓடுவது வேறு, யோசித்துச் சொல்வது வேறு. அதனால் ‘ஒன்று, இரண்டு’ என்று சொல்லி நிறுத்தி, மூன்றை அவர் வாயால் வர வைக்கிறேன். நீங்களும் செய்யலாம். கத்த வேண்டாம், காது நன்றாகவே கேட்கிறது. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. பதில் வரும்வரை காத்திருங்கள், முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். தண்ணீர் நிமிர்ந்து உட்கார வைத்து, ஒவ்வொரு மிடறாக. இருமினால் நிறுத்திவிடுங்கள்.

சுந்தரி அத்தை: தண்ணீர் குடிப்பதும் உன் படிப்பா?

கயல்: ஆமாம் அத்தை. பேசுகிற நாக்கும் தொண்டையும்தானே விழுங்குகிறது. தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம்.

சுந்தரி அத்தை: பாட்டிக்குப் படித்துக் காட்டிவிட்டேன். அழுகிறாள்

மூர்த்தி சித்தப்பா: நான் கூட வருகிறேன்

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரேவதி சித்தி: படித்துவிட்டோம் மாமா. திக்கினாலும் வழி கேட்க அவருக்கு வாய் இருக்கிறது.

சுந்தரி அத்தை: அண்ணா இது தேவையா

கயல்: சித்தப்பா, நீங்களே வாருங்கள்.

மூர்த்தி சித்தப்பா: 8 வயதில் நாக்கில் வசம்பு தேய்த்தார்கள். அப்புறம் அடி. 52 வயதுக்காரனையும் அங்கே பார்ப்பார்களா கயல்

கயல்: பார்ப்பார்கள் சித்தப்பா. வயது தடையே இல்லை. திக்குவது பயத்தாலோ வளர்ப்பாலோ வருவது இல்லை. குடும்ப வழியிலும் வரும். அடித்தால் போகாது, பேசவே பயம்தான் வரும். தாத்தாவுக்குக் காத்திருப்பதுபோல உங்களுக்கும் நாம் காத்திருந்திருக்க வேண்டும்.

பெரியப்பா: அப்போது யாருக்கு அதெல்லாம் தெரியும்

பெரியப்பா: டிக்கெட் நான் போடுகிறேன். ஸ்லீப்பரா ஏசியா

சுந்தரி அத்தை: கயல், நம் கவின் ரயிலை ‘லயில்’ என்கிறான். 3 வயது. கூட்டிக்கொண்டு வரவா?

கயல்: ‘ர’ மெதுவாகத்தான் வரும் அத்தை. கூப்பிட்டால் திரும்புகிறானா, இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறானா என்று பாருங்கள்.

சுந்தரி அத்தை: பேசுகிறானா! வாய் ஓய்வதில்லை

ரேவதி சித்தி: ஏசியே போடுங்கள் மாமா. பெட்டி நிறைய இருக்கும்

சுந்தரி அத்தை: ஆவக்காய் ஒரு பாட்டில் தருகிறேன்

பெரியப்பா: வியாழன் வெயிட்டிங் லிஸ்ட் காட்டுகிறது. புதனே கிளம்பலாமா? மூர்த்தி, நீ சொல்

மூர்த்தி சித்தப்பா: கடையில் கேட்டுவிட்டு ராத்திரி சொல்கிறேன் அண்ணா