ஊட்டாமல் விட்டால் பட்டினி கிடந்துவிடுவாளா?

நிலாஅம்மா:
மகளுக்கு இரண்டரை வயது. ஒரு வயது வரை எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டவள், இப்போது தட்டைப் பார்த்ததுமே உதட்டை இறுக மூடிக்கொள்கிறாள். வேடிக்கை காட்டி, போனைக் காட்டி, "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சி முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது, அவளும் அழுகிறாள், எனக்கும் அழுகை வருகிறது. எடை சரியாக இருப்பதாக டாக்டர் சொல்கிறார். வீட்டிலோ எல்லோரும் "பிள்ளை இளைச்சுப் போச்சு" என்கிறார்கள். என்ன செய்வது?

கதிர்:
முதல் வருடத்தில் பிறந்த எடை ஏறக்குறைய மூன்று மடங்காகும், அடுத்த வருடம் முழுவதும் ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவானால் பசியும் குறையத்தான் செய்யும். எல்லன் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் சொல்லும் முறை எனக்குப் பிடிக்கும்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. அரை மணி நேரம் பாருங்கள், அப்புறம் திட்டாமல் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை தண்ணீர் போதும்.

நிலாஅம்மா:
பால் மட்டும் கேட்டுக் கேட்டுக் குடிக்கிறாள். அதையாவது கொடுக்கலாம் இல்லையா?

மலர்விழி:
வயிற்றை அடைப்பதே அந்தப் பால்தான் என்று நினைக்கிறேன். நாளுக்கு 500 மில்லிக்குள் நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் சாப்பாட்டுக்கு இடமிருக்காது, இரும்புச்சத்தும் குறையும், அது குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும். டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

தென்றல்:
கதிர் சொன்னது சரி, ஆனால் இதை அம்மாவின் தவறாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளில், இந்தக் குணத்தில் பெரும்பங்கு பிறவியிலேயே வருவது என்று தெரிந்தது. பிள்ளை சாப்பிடாததால்தான் நாம் வற்புறுத்தத் தொடங்குகிறோம், வற்புறுத்தினால் அது இன்னும் முரண்டு பிடிக்கிறது. 2006இல் வந்த ஓர் ஆய்வில் "சூப்பைக் குடித்து முடி" என்று சொல்லாமல் விட்டபோதுதான் குழந்தைகள் அதிகமாகக் குடித்தார்கள். "காய் சாப்பிட்டால் இனிப்பு தருவேன்" என்பதும் வேண்டாம், காய் மேல் வெறுப்புதான் கூடும். புதுக் காயை ஒரு துண்டு தட்டோரம் வைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்குச் சாப்பிடுங்கள், பழக எட்டு முதல் பதினைந்து முறைகூட ஆகலாம். எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, சாப்பிடும் வகைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போனாலோ மட்டும் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.