முஸ்கடே ஒயினும் கடல் சாப்பாடும்: உங்க அனுபவத்த சொல்லுங்க

நான் வேலைக்காக பிரான்ஸ்ல நாந்த்ல இருக்கேன், லுவார் ஆறு கடல்ல சேர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி வர்ற ஊரு. இங்க ஒயிட் ஒயின்னா முஸ்கடேதான். நல்ல ட்ரை, இனிப்பே இருக்காது, ஆல்கஹாலும் 12 சதவீதம் கிட்டதான். வெறுமனே குடிச்சா பெருசா ஒண்ணும் தெரியாது, லேசா எலுமிச்சை, பச்சை ஆப்பிள், முடியும்போது நாக்கோரத்துல ஒரு உப்பு, அவ்ளோதான். கூட வேலை பாக்குறவர் வீட்டுல கிறிஸ்மஸ் சமயத்துல பச்சை ஆய்ஸ்டரோட, அதாவது வேக வைக்காத கடல் சிப்பியோட, குடிச்சப்பதான் புரிஞ்சுது, அவரே கத்திய விட்டு ஒவ்வொண்ணா திறந்து குடுத்துட்டு எலுமிச்சை பிழிய வேணாம், அந்த வேலைய ஒயினே பாத்துக்கும்னாரு, அப்படியே நடந்துச்சு, ஆய்ஸ்டரோட கடல் ருசிய அமுக்காம இன்னும் தூக்கிக் குடுத்துச்சு.

வாங்கும்போது லேபிள்ல "சுர் லீ"ன்னு இருக்கான்னு பாத்து வாங்குங்க. அப்படின்னா, ஒயின் பொங்கி முடிஞ்சப்புறம் அடியில தங்குற ஈஸ்ட் கசடு மேலயே குளிர்காலம் முழுக்க விட்டு வெச்சு, மார்ச்சுக்கு அப்புறம்தான் நேரா பாட்டில்ல அடைப்பாங்க. அதுனாலதான் அந்த லேசான பிரெட் வாசனையும், சில பாட்டில்ல நாக்குல சுருக்குன்னு படுற கேஸும். திராட்சை மெலோன் தெ பூர்கோன், பேர்லயே இருக்குற மாதிரி பிரான்ஸோட கிழக்குல இருக்குற பூர்கோன் பக்கத்துலேர்ந்து வந்தது. 1709 குளிர்ல இங்க கொடியெல்லாம் கருகிப் போனப்புறம், குளிர தாங்குதுன்னு இதையே நிறைய நட்டுருக்காங்க.

இன்னொண்ணு கட்டாயம் சாப்பிடுங்க, பெர் பிளான்ங்கிற வெண்ணெய் சாஸ். பொடியா நறுக்குன ஷலாட் வெங்காயத்த வினிகரும் முஸ்கடேயும் ஊத்தி வத்த விட்டு, சில்லுன்னு இருக்குற வெண்ணெய துண்டு துண்டா போட்டு அடிச்சுக்கிட்டே இருக்கணும், அத வேக வெச்ச ஆத்து மீன் மேல ஊத்தி தருவாங்க. வெண்ணெய் அவ்ளோ இருந்தும் திகட்டாது, ஒவ்வொரு வாய்க்கும் ஒயினோட புளிப்பு நாக்க கழுவி விட்டுடும்.

—

அண்ணே, நான் பாரிஸ். லீவுக்கு பிரெத்தான்ய் பக்கம் கான்கால் போயிருந்தோம். துறைமுகத்துலயே வரிசையா ஆய்ஸ்டர் கடை, அங்கயே திறந்து தட்டுல வெச்சு தருவாங்க, கடலோரப் படியில உக்காந்து சாப்பிட்டுட்டு ஓட்ட அப்படியே கீழ கடற்கரையில வீசிடலாம். கடையில 3ஆம் நம்பர்தான் சொன்னாங்க, நம்பர் கூட கூட ஆய்ஸ்டர் சின்னதாயிடும். எங்க வீட்டுக்காரம்மா பச்சையா தொடவே மாட்டேன்னாங்க, அவங்களுக்கு மூல் மரினியேர் வாங்கினோம், ஒயின்லயே வெந்த மஸ்ஸல்ஸ், அதுவும் ஒரு சிப்பி வகைதான். அதுக்கும் இதே முஸ்கடே அவ்ளோ பொருத்தம், சாற பிரெட்ல தொட்டு தொட்டு ஒரு சொட்டு விடாம முடிச்சாங்க. ஓக் பீப்பாயில வெச்ச ஷார்டனேன்னு இன்னொரு ஒயிட் ஒயின் இருக்கு, அத பச்சை ஆய்ஸ்டரோட யாரும் குடிக்காதீங்க, எனக்கு வாயில இரும்பு மாதிரி நின்னுச்சு.

—

முஸ்கடேய பொதுவா இளசா இருக்கும்போதே குடிக்கிற ஒயின்னு சொல்லுவாங்க, ஆனா அதுலயே கிளிசோன் ஊரு பாட்டில் கிடைச்சா விடாதீங்க ப்ளீஸ். கிளிசோன், கோர்ஜ், லெ பல்லே மூணு ஊருக்கும் 2011லேர்ந்து லேபிள்ல தனியா பேர் போட்டுக்கலாம். கிளிசோன் கிரானைட் மண்ணு, கசடு மேல ரெண்டு வருஷமாவது வெச்சிருக்கணும். ஒரு தோட்டத்துல பழைய பாட்டில் ஒண்ண திறந்து ஊத்துனாங்க, தேன் மாதிரி, வறுத்த பாதாம் மாதிரி வாசனை, குடிச்சா சுத்தமா ட்ரை. இதுக்கு ஆய்ஸ்டர் பத்தாது, வெண்ணெயில பொரட்டுன ஸ்கேலப் சிப்பி, இல்லன்னா க்ரீம் போட்ட கோழி வேணும்.

—

சூப்பர்மா, கோர்ஜ் இன்னும் குடிச்சதில்ல, தேடிப் பாக்குறேன். ஒண்ணு மட்டும், இந்த மாதிரி வருஷக்கணக்கா வெச்சத ஐஸ் மாதிரி ஆக்கிடாதீங்க, வாசனையே வராது, 12 டிகிரி கிட்ட இருக்கட்டும். சாதா சுர் லீ 8, 9ல நல்லாருக்கும்.