வளர்ந்தவர்களுக்கு எழுத்துப் பழக்க எங்கே தொடங்கலாம்?

குருநகர்க்காரி:
சனசமூக நிலையத்தில் பின்னேர வகுப்பு ஒன்று தொடங்கப் போறம். வரப்போறது பத்துப் பன்னிரண்டு பெண்கள், எல்லாரும் நாற்பதுக்கு மேலே. சண்டை, இடப்பெயர்வு என்று பள்ளிக்கூடம் இடையில் நின்றுபோனவை. அரிச்சுவடியில் அ, ஆ என்றே தொடங்கலாமோ? முதலில் கையெழுத்து மட்டும் பழக்கச் சொல்லியும் சிலர் கேட்கினம்.

கரும்பலகை:
அ, ஆ வேண்டாம் தங்கச்சி. அந்தச் சுழிகளை எழுதவே கை நோகும். 12 உயிரும் முடிந்தாலும் வாசிக்கச் சொல் அகப்படாது. ட, ப, ம, மேலே ஒரு புள்ளி: படம், மடம், பட்டம், மட்டம். முதல் நாளே வாசித்துவிட்டுப் போவினம். பிறகு க, ல, ச சேர்த்தால் கடல், சம்பல், கப்பல். அதன்பின் துணைக்கால்: பால், காகம்.

247 எழுத்தையும் தனித்தனியாகப் பாடமாக்க விடாதேங்கோ, துணைக்கால், கொம்பு மாதிரியான குறிகளைப் பிடித்தால் போதும். உகர வரிசைதான் விலக்கு. கு, சு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், அதற்கு ஒரு கிழமை ஒதுக்குங்கோ. கெ, கே, கொ கடைசியில். கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். அதில்தான் பலர் தடுக்குப்பட்டு நிற்கினம்.

பனங்கூடல்:
எழுத்து வரிசை சரி. ஆனால் சொல் அவையின்ர வாழ்க்கையிலிருந்து வரவேணும். பவுலோ பிரெய்ரே என்ற கல்வியாளர் 1963இல் பிரேசிலின் அங்கிக்கோஸ் ஊரில் 300 பேருக்கு 40 மணித்தியாலத் திட்டத்தில் செய்தது அதுதான்: வேலைச் சொல்லை எடுத்து, அசையாக உடைத்து, அந்த அசைக் குடும்பத்தால் புதுச் சொல் கட்டுவது. எங்கட க, கா, கி வரிசை அதற்கென்றே அமைந்ததுபோல இருக்கு. வலை, படகு, கூலி, சீட்டு என்று போங்கோ. அந்த 40 மணித்தியாலத்தை மட்டும் இங்கே வாக்குறுதியாகச் சொல்லிவிடாதேங்கோ.

தீவகத்தான்:
முதல் கிழமையே கண்ணைப் பாருங்கோ. தாளைக் கை நீட்டிப் பிடிச்சால் வெள்ளெழுத்து. அநேகமாக +1.5 முதல் +2.5 வரையான வாசிப்புக் கண்ணாடி போதும், பரிசோதித்து வாங்குங்கோ. இது தெரியாமல் ‘மண்டையில் ஏறுதில்லை’ என்று நின்றுவிடுவினம். அச்சு 24 புள்ளிக்குக் குறையக் கூடாது.

கையெழுத்து மட்டும் பழக்குவது எனக்குப் பிடிக்காத வேலை. அது படம் கீறுவதுதான். நுண்கடன் பத்திரத்தில் என்ன வட்டி என்று வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைப்பதும் கைநாட்டு வைப்பதும் ஒன்றுதான். தொகை, வட்டி, தவணை, பிணை: இந்த நாலு சொல்லையும் பெயரோடு சேர்த்தே பழக்குங்கோ.

குருநகர்க்காரி:
சரி அண்ணை, ட, ப, மவிலேயே தொடங்கிறம். முடிவில் எப்படிச் சோதிக்கிறது?

பனங்கூடல்:
கியூபாவில் 1961இல் நடந்த எழுத்தறிவு இயக்கத்தில் படித்தவர்கள் கடைசியில் பிடல் காஸ்ட்ரோவுக்குக் கடிதம் எழுதினவை. நீங்கள் பிரதேச சபைக்கு எழுத விடுங்கோ, தெருவிளக்கு எரியவில்லை என்று.