மாருதி 800-க்கு வீட்டில் செய்த எக்ஸாஸ்ட் ஹெடர்: நடுக்குழாயில் ஒரே இடத்தில் விரிசல், உதவி தேவை

கேள்வி – கே.ஆர்.புரம், பெங்களூரு

வணக்கம். அப்பாவின் பழைய மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் விரிசல் விட்டுவிட்டது. சிவாஜிநகர் பழைய சாமான் கடையில் கிடைத்ததிலும் கீறல் இருந்தது. அதனால் வீட்டு ஷெட்டிலேயே மூன்று குழாய் ஒன்றாகச் சேரும் ஹெடர் ஒன்றைச் செய்து மாட்டினேன்.

குழாய் 304 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), சுவர் 1.6 மில்லி. எஞ்சினோடு போல்ட் போட்டு இறுக்கும் பிளாஞ்ச் 10 மில்லி எம்.எஸ். (சாதா இரும்பு, மைல்ட் ஸ்டீல்) தகடு, பீன்யாவில் லேசர் கட்டிங் செய்து வாங்கியது. சிங்கிள் ஃபேஸ் இன்வர்ட்டர் மெஷினில் டிக் வெல்டிங் (ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில், ஆர்க் எனும் மின்பொறியால் பற்றவைப்பது), 308எல் ஃபில்லர் (உருக்கிச் சேர்க்கும் கம்பி), 60–65 ஆம்பியர். குழாய்க்கு உள்ளே ஆர்கான் விடவில்லை. கசிவுக்கு இடமே இருக்கக்கூடாது என்று ஹெடரிலிருந்து சைலன்சர் வரை நடுவில் ஜாயின்ட் இல்லாமல் ஒரே குழாயாகப் பற்றவைத்தேன்.

இப்போது காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, எஞ்சின் சூடானதும் குறைகிறது. கழற்றிப் பார்த்தால் 2-ஆம் குழாயில் (நடுக்குழாய்), வெல்டிங்கை ஒட்டி, குழாய்ப் பக்கம் பாதிச் சுற்றுக்கு விரிசல். கிரைண்ட் செய்து, பிரேக் கிளீனர் ஸ்பிரேயால் துடைத்து, மறுபடி பற்றவைத்தேன். அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டது. மற்ற இரண்டு குழாய்களும் நன்றாக இருக்கின்றன. ஃபில்லர் தப்பா, இல்லை 2.5 மில்லி குழாய்க்கு மாறணுமா?

பதில் – ஶ்ரீராமபுரம்

தம்பி, 308எல் எஸ்.எஸ்.ஸையும் எஸ்.எஸ்.ஸையும் சேர்ப்பதற்கு. எஸ்.எஸ். குழாயை எம்.எஸ். தகட்டோடு சேர்க்க 309எல் போடுங்கள். எம்.எஸ். உருகிக் கலக்கும்போது 308-இல் குரோமியமும் நிக்கலும் நீர்த்துப்போய், அந்த வெல்டிங் தையல் கடினமாகி நொறுங்கும். குழாயையும் 2.5 மில்லி ஆக்குங்கள், அசையாது.

பதில் – பொம்மனஹள்ளி

மற்றதை அப்புறம் பேசலாம், பிரேக் கிளீனரை உடனே நிறுத்துங்கள். சில பிராண்டுகளில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். அதன் ஈரமோ ஆவியோ ஆர்க்கின் சூட்டிலும் புற ஊதாக் கதிரிலும் பட்டால் பாஸ்ஜீன் வாயு உண்டாகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற வாயு அது. மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும், அதனால் ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று நினைக்காதீர்கள். அசிட்டோன் போதும். அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகு, டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் ஆர்க் போட வேண்டும். ஷெட்டின் கதவும் திறந்திருக்கட்டும். மூடிய இடத்தில் ஆர்கான் தேங்கினால் அதற்கு வாசனையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது.

இன்னொன்று. பானெட்டுக்கு அடியில் கசிகிற புகை காற்று வரும் வழியாகக் கேபினுக்குள் போகும். கார்பன் மோனாக்சைடு மணக்காது. சரியாகும்வரை அப்பாவை அந்த வண்டியை எடுக்க விடாதீர்கள்.

பதில் – பீன்யா, பட்டறை வைத்திருக்கிறேன்

309எல் பற்றிச் சொன்னது சரி, அடுத்த முறை அதையே போடுங்கள். ஆனால் இந்த விரிசலுக்குக் காரணம் ஃபில்லர் இல்லை. ஃபில்லர் தப்பு என்றால் தையலுக்குள்ளேயோ எம்.எஸ். பக்கமோ உடைந்திருக்கும், மூன்று குழாயிலும் அந்த அபாயம் இருந்திருக்கும். உங்களுக்கு ஒரே குழாயில், குழாய்ப் பக்கத்தில் உடைகிறது. அதனால் ‘2-ஆம் குழாய்க்கு மட்டும் என்ன நடக்கிறது?’ என்றுதான் கேட்க வேண்டும்.

மூன்று சிலிண்டர் ஹெடரில் நடுக்குழாய்தான் குட்டை, பெரும்பாலும் வளைவே இல்லாமல் நேராக வைத்துவிடுவோம். 304 எஸ்.எஸ். ஒரு மீட்டருக்கு ஒவ்வொரு 100 டிகிரிக்கும் சுமார் 1.7 மில்லி நீளும். அரை மீட்டர் பக்கக் குழாய் 500 டிகிரி ஏறினால் 4 மில்லிக்கு மேல் நீள்கிறது. கால் மீட்டர் நடுக்குழாய் அதில் பாதிதான் நீளும். ஆனால் மூன்றின் முனையும் ஒரே இடத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பக்கக் குழாய்கள் வளைவில் கொஞ்சம் நெகிழ்ந்துகொள்ளும். நேர்க்குழாய்க்கு நெகிழ வழியில்லை. அந்த இழுப்பு முழுதும் தையலை ஒட்டிய இடத்தில் விழுகிறது. ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இதுவே நடந்தால் எந்த வெல்டிங்கும் தாங்காது. சுவரைக் கனமாக்கினால் குழாய் இன்னும் விறைப்பாகும், விரிசல் வேறு இடத்துக்குப் போகும். அதனால் 2.5 மில்லி யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்தது இதைவிடப் பெரியது. மாருதி 800-இல் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டு விடும்போது அது ரப்பர் மவுண்டில் முன்னும் பின்னும் சாயும். சைலன்சரோ பாடியில் தொங்குகிறது. நடுவில் ஜாயின்ட் இல்லையென்றால் அந்தச் சாய்வெல்லாம் ஹெடரின் கழுத்தில் இறங்கும். ஹெடர் முடியும் இடத்துக்குப் பிறகு வளைந்துகொடுக்கும் ஃபிளெக்ஸ் பைப் ஒன்று கட்டாயம் வேண்டும். ஜே.சி. ரோட்டில் கம்பிப் பின்னல் போட்டது கிடைக்கும். அதற்கு முன்னால் ஒரு பிராக்கெட் வைத்து ஹெடரின் எடையைத் தாங்குங்கள். அந்த பிராக்கெட் எஞ்சின் பிளாக்கிலோ கியர்பாக்ஸிலோ இருக்க வேண்டும். பாடியில் வைத்தால் மறுபடி இதே கதைதான்.

விரிசல் விட்ட இடத்தை இனிப் பற்றவைக்காதீர்கள். திரும்பத் திரும்பச் சூடான 304-இல் 450 முதல் 850 டிகிரிக்குள் குரோமியம் கார்பைடாகப் பிரிந்து, அந்த விளிம்பு பலவீனமாகிவிடும். நடுக்குழாயை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, 304எல் (கார்பன் குறைந்த 304) குழாயில், ஒரு வளைவு வைத்து, கொஞ்சம் நீளமாகப் புதிதாகச் செய்யுங்கள். குழாய்க்குள் குழாய் நழுவும்படி ஸ்பிரிங் போட்டு வைப்பவர்களும் உண்டு. அது ரேஸ் வண்டிக்குச் சரி, வீட்டு வண்டியில் அந்த இடம் கசிவதை நான் விரும்பமாட்டேன்.

உள்ளே ஆர்கான் விடாததால் தையலின் உட்பக்கம் கருகிய சர்க்கரைப் பாகு மாதிரி பொரிந்திருக்கும், கண்ணாடி வைத்துப் பாருங்கள். விரிசல் தொடங்க அந்தச் சொரசொரப்பே போதும். குழாயின் இரு முனையையும் அலுமினியம் டேப்பால் மூடி, கீழ்முனையில் ஆர்கான் விட்டு, மேலே சின்ன ஓட்டை வையுங்கள். ஆர்கான் காற்றைவிடக் கனம், அதனால் கீழிருந்து நிரம்பும். உள்ளே இருக்கும் காற்று வெளியேறும்வரை பொறுத்து அப்புறம் ஆர்க் போடுங்கள்.

பதில் – அல்சூர்

அந்த டிக் டிக் சத்தம் விரிசலில் மட்டும் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. ஆறியபோது கேட்டுச் சூட்டில் குறைந்தால் பிளாஞ்ச் பக்கமும் பார்க்கணும். பிளாஞ்சைத் தனியாக வைத்துப் பற்றவைத்தீர்களா? அப்படியென்றால் அது வில்லாக வளைந்திருக்கும். ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேரான பட்டை) வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். வண்டியில் மாட்டியபடி சோதிக்க, சைலன்சர் முனையில் புளோயர் காற்றைத் துணி சுற்றி விட்டு, ஆறிய ஹெடரில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசிகிற இடத்தில் நுரை வரும்.

வேறு எதை மாற்றினாலும் சைலன்சரை மாற்றாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சத்தம் கூடினால் தெருவிலேயே நிறுத்துவார்கள்.

கேட்டவர் – கே.ஆர்.புரம்

அண்ணா, நீங்கள் கேட்டதைப் பார்த்தேன். பிளாஞ்சின் நடுவில் 0.4 மில்லி கேஜ் நுழைகிறது. அதைத் தனியாக மேசையில் வைத்துத்தான் பற்றவைத்தேன். நடுக்குழாய் நேர்க்குழாய்தான், உட்பக்கமும் பட்டறை அண்ணன் சொன்னபடியே பொரிந்திருக்கிறது. பிளாஞ்சை முதலில் சர்ஃபேஸ் கிரைண்டிங்குக்கு (பரப்பைச் சமமாகத் தேய்ப்பது) கொடுத்துவிட்டு, பிறகு புதுக் குழாயைப் பற்றவைக்கட்டுமா?

பதில் – பீன்யா, பட்டறை வைத்திருக்கிறேன்

இல்லை தம்பி, வெல்டிங் எல்லாம் முடிந்து ஆறிய பிறகுதான் கிரைண்டிங். முன்னாலேயே கொடுத்தால் பற்றவைக்கும்போது மறுபடி வளையும், கொடுத்த காசு வீண்.

பிளாஞ்சைக் கனமான எம்.எஸ். தகட்டில் எல்லா ஓட்டையிலும் போல்ட் போட்டு இறுக்குங்கள். எஞ்சினின் நல்ல சிலிண்டர் ஹெட்டை இதற்கு எடுக்காதீர்கள். நாலு இடத்தில் டாக் (சின்னப் புள்ளி வெல்டிங்) வைத்து, எதிரெதிர்ப் பக்கமாகக் குட்டையாகப் பற்றவையுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆறவிடுங்கள். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே போல்ட்டைக் கழற்ற வேண்டும். அதன்பின் 0.1 மில்லி கேஜ்கூட எங்கும் நுழையாத அளவுக்குக் கிரைண்டிங் செய்யச் சொல்லுங்கள். 10 மில்லி தகடு 9.5 ஆனாலும் பரவாயில்லை.

நடு ஸ்டட் ஓட்டையை அப்படியே விட்டு, ஓர ஓட்டைகளை மட்டும் நீளவாக்கில் லேசாக முட்டை வடிவத்துக்கு ராவுங்கள், பிளாஞ்ச் சூட்டில் இரண்டு பக்கமும் நகர இடம் கிடைக்கும். மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்குங்கள். ஒருமுறை சூடாகி முழுதும் ஆறியபின் நட்டெல்லாம் மறுபடி பாருங்கள். புது கேஸ்கட் அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.