அம்மாவிடம் சொன்ன பொய்யும் டொராண்டோவில் கிடைத்த வேலையும்

போன வாரம் பாளையங்கோட்டை வீட்டில் இருந்தபோது எதிர்வீட்டு மதினி மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பையனுக்குக் கனடா பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் டொராண்டோ கிளம்புகிறான். "வேலைக்கு என்ன செய்யணும்னு இவனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி" என்றார்கள். அவனிடம் சொன்னதையே எழுதுகிறேன்.

நான் போய் இறங்கியது 2019 ஜனவரியில். பாளையில் ஆடிட்டர் ஆபீஸில் 8 வருடம் கணக்கு பார்த்தவன். அங்கே வேலை பார்க்கத் தேவையான சின் நம்பர் என்கிற 9 இலக்க எண்ணைக் காசில்லாமல் கையோடு கொடுத்துவிட்டார்கள். அப்புறம்தான் கஷ்டம். எங்கே போனாலும் "கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" வந்து இருபது நாள் ஆனவனுக்கு அது எங்கிருந்து வரும்?

ஒரு கடையில் மூன்று நாள் 'டிரெயினிங்' என்று வேலை வாங்கிவிட்டுக் காசே தரவில்லை. பயிற்சி நாளுக்கும் சம்பளம் உண்டு, வேலை பிடித்துக் கொடுக்க ஏஜென்சி நம்மிடம் பணம் வாங்கக் கூடாது, டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் இரண்டுமே சட்டம். எனக்குத் தெரியாமல் போச்சு. பிறகு ஒரு ஏஜென்சி மூலம் குடோனில் நைட் ஷிஃப்ட், மணிக்கு 14 டாலர். அப்போது குறைந்தபட்சக் கூலி அதுதான். படிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "சேஃப்டி ஷூ இருக்கா?" என்றுதான் கேட்டார்கள்.

அம்மா போனில் "எய்யா, குளிரு தாங்குதா?" என்று கேட்கும்போதெல்லாம், "ஆபீஸ் உள்ள கதகதன்னு இருக்கும்மா" என்பேன். ஒரு சனிக்கிழமை டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து அக்கா என் ஷூவைப் பார்த்தார். அட்டைப்பெட்டித் தூசி அப்படியே படிந்திருந்தது.

"தம்பி, ஊரில என்ன வேலை செய்தனீங்கள்?"

கணக்கு என்றேன்.

"பிறகேன் ஒளிக்கிறீங்கள்? சொன்னாத்தானே ஆருக்கும் தெரியும்."

வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வரிக் கணக்குத் தாக்கல் செய்துகொடுக்கத் தன்னார்வலர்களைச் சேர்ப்பார்கள் என்று அவர் சொல்லித்தான் தெரியும். தாக்கல் செய்ய ஏப்ரல் 30 கடைசி நாள். மார்ச், ஏப்ரல் முழுக்க சனி, ஞாயிறுகளில் அங்கே உட்கார்ந்தேன். வருகிறவர்கள் குளிர்கோட்டுப் பைக்குள்ளிருந்து மடங்கிப்போன டி4 சீட்டுகளை (முதலாளி கொடுக்கும் வருடச் சம்பளக் கணக்கு) எடுத்து மேஜையில் வைத்து நீவி விடுவார்கள். ஒரு பாட்டி வேலை முடிந்தும் என் கையை விடவே இல்லை. அங்கே பொறுப்பில் இருந்த பெண்மணிதான் எனக்கு ரெஃபரன்ஸ் கொடுத்தார். ஜூனில் ஒரு சின்ன கணக்கு ஆபீஸில் வேலை கிடைத்தது.

கடையில் அந்த அக்காவைப் பார்த்த அன்றைக்கே அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இதுக்கா எய்யா மறைச்ச? உங்கப்பா நயினார்குளம் மார்க்கெட்ல மூடை தூக்கித்தான உன்னப் படிக்க வச்சாரு" என்றாள்.

பையனின் பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தேன். அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், போட்டோ எல்லாம் இருந்தது. அங்கே இதெல்லாம் போடுவதில்லை என்று அடித்துக் கொடுத்தேன். 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் விளம்பரத்தில் கனேடிய அனுபவம் கேட்கக் கூடாது. விளம்பரத்தைப் பார்த்ததுமே ஒதுங்கிப்போகும் நிலை இவனுக்கு இருக்காது என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

"சித்தப்பா, சேஃப்டி ஷூ இங்கயே வாங்கிட்டுப் போயிரவா?" என்றான்.

"வேண்டாம்ல. அங்க பச்சை முக்கோண முத்திரை இருக்கறதைத்தான் ஏத்துப்பாங்க. என் பழைய ஷூ அங்க வீட்டுக் கதவுக்குப் பின்னால கிடக்கு. இங்க வா, காலை நீட்டு, அளவு பார்ப்போம்."